சரக்கு அனுப்புகைத் துறையில் வேலையும் வளர்ச்சியும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவரும் காலத்திலும், கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு வரும் காலத்திலும், இத்துறை பற்றி என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பெற்றோர், மாணவர், ஏற்கெனவே துறைக்குள் இருப்போர், சிறு நிறுவனம் நடத்துவோர் எனப் பலரும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட பேச்சிலேயே வைத்து, விடைகளை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

தம்பி, உந்த பிரெயிட் போர்வேர்டிங் எண்டா என்ன? கப்பல் கொம்பனியோ, சுங்கமோ?

இரண்டும் அல்ல. ஏற்றுமதி செய்பவரிடம் பொருள் இருக்கிறது, கப்பல் இல்லை. கப்பல் நிறுவனத்திடம் கப்பல் இருக்கிறது. ஆனால் அது கிளிநொச்சியிலுள்ள களஞ்சியத்துக்கு வந்து பெட்டியை ஏற்றாது, சுங்கப் பத்திரம் எழுதாது, ஹம்பேர்க்கில் பெட்டியை எடுத்து வாங்குபவரின் வாசலில் இறக்காது. லொறி, களஞ்சியம், கொள்கலன், சுங்கம், கப்பல் அல்லது விமானம், அக்கரையிலுள்ள முகவர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பயணமாக ஒழுங்குபடுத்தி, அதற்கான பொறுப்பையும் ஏற்பவரே போர்வேர்டர். தமிழில் சரக்கு அனுப்புநர் என்கிறோம்.

இந்த வேலைக்கு இலங்கையில் இடம் இருப்பதற்குக் காரணம் கொழும்புத் துறைமுகம். 2024 இல் அது 75 இலட்சத்துக்கும் அதிகமான இருபதடி அளவுக் கொள்கலன்களைக் கையாண்டது. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு உரியவை அல்ல. இந்தியாவுக்கும் அண்டை நாடுகளுக்கும் போகும் வழியில் ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறுபவை.

எங்கட ஊரில லண்டன், கனடாவுக்குப் பார்சல் போடுற கடையள் செய்யிறதும் இதுதானே?

ஆம், அது இத்துறையின் ஒரு முனை. கடையில் பத்துப் பேர் கொடுக்கும் பெட்டிகள் ஒன்றுசேர்க்கப்பட்டு, ஒரே தலைமை எயார்வே பில்லின் (விமானச் சரக்குப் பத்திரத்தின்) கீழ் அல்லது ஒரே கொள்கலனில் போகின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி உள்பத்திரம் இருக்கும். இப்படி ஒன்றுசேர்ப்பதுதான் பெரிய நிறுவனங்களின் வருமானத்துக்கும் அடிப்படை.

ஒடியலும் மிளகாய்த்தூளும் அடைத்த ஒரு பெட்டி 60 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 40 உயரம் என்று வைத்துக்கொள்வோம். தராசில் அது 12 கிலோதான். ஆனால் விமானச் சரக்கில் கன அளவை 6000 ஆல் வகுத்து வரும் எடையையும் பார்ப்பார்கள். இங்கே 1,20,000 ஐ வகுத்தால் 20 கிலோ வருகிறது. இரண்டில் கூடியதற்கே கட்டணம். ஏன் 20 கிலோவுக்குப் பணம் கேட்கிறீர்கள் என்று கோபிக்கும் அம்மா ஒருவருக்கு இதைப் பொறுமையாக விளக்கி, பெட்டியைச் சிறிதாக்கி அடைக்கவும் சொல்லிக்கொடுக்கும் கடைப் பையன், கட்டணம் தீர்மானிக்கும் பிரிவின் முதற்பாடத்தை ஏற்கெனவே கற்றுவிட்டான். அத்தகைய கடையில் செய்த வேலையைச் சுயவிபரக் கோவையில் மறைக்க வேண்டாம்.

மகன் வர்த்தகப் பிரிவில மூண்டு எஸ். கம்பஸ் கிடைக்கேல்லை. உதுக்குள்ள சேர்க்கலாமோ?

சேர்க்கலாம். ஆரம்ப நிலை வேலைகளுக்குப் பெரும்பாலும் உயர்தரமும், வாசித்து விளங்கி எழுதக்கூடிய ஆங்கிலமும், கணினியில் எக்செல் பயன்படுத்தும் பழக்கமும் கேட்கப்படுகின்றன. எந்தப் பிரிவில் படித்தார் என்பதை விட, ஓர் எண்ணை எழுதியபின் திரும்பச் சரிபார்க்கும் இயல்பு அவரிடம் இருக்கிறதா என்பதே முக்கியம். கவனக்குறைவான பிள்ளைக்கு, எத்தனை 'ஏ' எடுத்திருந்தாலும், இந்த வேலை துன்பமாகவே இருக்கும்.

சேர்ந்தால் முதலில என்ன வேலை தருவினம்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது டொக்கியுமென்டேஷன்: பில் ஒஃப் லேடிங் (கப்பற் சரக்குப் பத்திரம், சுருக்கமாக பீ.எல்.), எயார்வே பில், சரக்குப் பட்டியல் முதலியவற்றைத் தயாரித்தல். இரண்டாவது வாடிக்கையாளர் சேவை: கப்பல் எங்கே நிற்கிறது, எப்போது வரும், ஏன் தாமதம் என்பவற்றுக்கு மறுமொழி சொல்லுதல். மூன்றாவது வெளிவேலை: துறைமுகத்திலும் கட்டுநாயக்க விமானச் சரக்குப் பகுதியிலும் சுங்க அலுவல்களை முடித்து, பெட்டியை வெளியே கொண்டுவருதல். இதைச் செய்பவரைக் கொழும்பில் வாஃப் கிளாக் என்பார்கள். விலை நிர்ணயம், விற்பனை, வெளிநாட்டு முகவர்களோடு ஒப்பந்தம் பேசுதல் ஆகியன பின்னரே வரும்.

இந்த மூன்றில் எது கிடைத்தாலும், மற்ற இரண்டிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாதவர் இத்துறையில் வளர்வதில்லை. கீழே வரும் பல விடைகளுக்கும் அடிப்படை இதுதான். ஆவணம் எழுதும் பிள்ளைக்கு ஒரு கொள்கலன் எண் என்பது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். அதன் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். அதில் ஓர் இலக்கம் பிசகினால் ஒருகொடவத்தையிலோ பேலியகொடையிலோ உள்ள முற்றத்தில் வாஃப் கிளாக் எத்தனை மணிநேரம் நிற்க வேண்டியிருக்கும், கொள்கலன் இலவச நாட்களைத் தாண்டினால் வாடிக்கையாளர் நாளொன்றுக்கு எவ்வளவு தண்டப்பணம் கட்டுவார் என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை, அதன்பின் அந்த எண்ணை வேறு விதமாகத்தான் எழுதும்.

ஆகவே முதல் ஆண்டுக்குள் ஒரு சரக்கை, விலை கேட்டு வந்த மின்னஞ்சலிலிருந்து அக்கரையில் பெட்டி கைமாறும் வரை, ஒவ்வொரு படியிலும் பின்தொடர்ந்து பாருங்கள். யார் யாரிடம் எந்தத் தாளைக் கொடுத்தார், ஏன் கொடுத்தார், அது பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு கடல் ஏற்றுமதி, ஒரு விமான ஏற்றுமதி, ஓர் இறக்குமதி என மூன்றை இப்படி எழுதி முடித்தவரிடம் எந்த நேர்முகத் தேர்விலும் பேசுவதற்கு விடயம் இருக்கும்.

அண்ணை, முதலில கோர்ஸ் ஒண்டு செய்யிறதோ, வேலைக்குப் போறதோ? எந்த கோர்ஸ் நல்லது?

பல்கலைக்கழக அனுமதி கிடைக்குமானால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து, லொஜிஸ்டிக்ஸ் சார்ந்த பட்டத்தைத் தயங்காமல் தெரிவு செய்யுங்கள். அது கிடைக்காதவர்களுக்கு என் கருத்து, முதலில் வேலை, ஓராண்டளவில் பாடநெறி என்பதே. கொள்கலனையே பார்க்காமல் விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் இன்கோரெம்ஸ் 2020 இன் பதினொரு விதிகளையும் மனனம் செய்தவர், எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரையான செலவு மட்டும் அடங்கிய விலையில்) வாங்கிய ஒருவர் ஏன் கப்பற் கட்டணத்தைத் தானே பேசித் தீர்க்க விரும்புகிறார் என்று கேட்டால் தடுமாறுவார். வேலையிலிருந்து கொண்டு படிப்பவருக்கு அது நேற்றைய மின்னஞ்சலில் வந்த விடயம்.

பாடநெறிகளில் இரண்டு பெயர்களை அறிந்துகொள்ளுங்கள். ஒன்று ஃபியாட்டா. 1926 இல் வியன்னாவில் தொடங்கப்பட்ட, சரக்கு அனுப்புநர்களின் உலகக் கூட்டமைப்பு அது. அதன் டிப்ளோமா அந்தந்த நாட்டுச் சங்கங்கள் ஊடாகவே வழங்கப்படுகிறது. இலங்கை லொஜிஸ்டிக்ஸ் மற்றும் சரக்கு அனுப்புநர் சங்கம் அதன் உறுப்புச் சங்கம் என்பதால் விபரங்களை அங்கே கேளுங்கள். ஃபியாட்டா நடத்தும் இளையோர் விருதுப் போட்டியிலும், பங்குபற்றுபவர் ஏற்றுமதி, இறக்குமதி அனுப்புகைகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆராய்ந்து ஆய்வுரை எழுத வேண்டும். மேலே சொன்ன கொப்பி வேலையின் விரிந்த வடிவம் அது. மற்றது லொஜிஸ்டிக்ஸ் மற்றும் போக்குவரத்துக்கான பட்டய நிறுவனம், சுருக்கமாக சீ.ஐ.எல்.ரி. அது சான்றிதழிலிருந்து உயர் டிப்ளோமா வரை படிப்படியாக ஏறக்கூடியது. பின்னர் பட்டய உறுப்பினர் தகுதியும் பெறலாம்.

விமானச் சரக்கில் இருப்பவர், விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான அயாட்டாவின் ஆபத்தான பொருட்கள் பயிற்சியைப் பெறுவது நல்லது. அதை 24 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தப் பயிற்சியை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில், நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்த ஒரு கொள்கலன் இருந்தது. அக்கப்பலால் நம் மீனவர்கள் பட்ட இழப்பை நாடே அறியும். பார்சல் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைக்கப்படும் பவர் பேங்க் ஒன்றையும் அதே கண்ணோடு பார்க்கப் பழக வேண்டும்.

கொழும்புக்குப் போகாமல் இஞ்சையே இருந்து செய்யேலாதோ? காங்கேசன்துறை, பலாலி எல்லாம் திறந்திட்டினமே?

2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கான பயணிகள் படகுச் சேவை காங்கேசன்துறையிலிருந்து தொடங்கியது. துறைமுகப் புனரமைப்புக்கு 6 கோடியே 15 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடையை இந்தியா 2024 இல் அறிவித்தது. இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் பலாலிக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். வகை விமானங்களின் சரக்கறை மிகச் சிறியது. காங்கேசன்துறை கொள்கலன் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகமாக இன்னும் ஆகவில்லை. வடக்கின் நண்டும் கடலட்டையும் பனம்பொருட்களும் இன்றும் லொறியில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கே போய்த்தான் நாட்டை விட்டு வெளியேறுகின்றன. காங்கேசன்துறையை நம்பி அடுத்த ஆண்டு வேலைக்குக் காத்திருக்கும்படி எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லமாட்டேன்.

என் ஆலோசனை, இரண்டு மூன்று ஆண்டுகளேனும் கொழும்பில் வேலை செய்யுங்கள் என்பதே. துறைமுகமும் சுங்கத் தலைமையகமும் கப்பல் முகவர்களும் அங்கேதான் இருக்கின்றன. அதன்பின் திரும்பி வருவதற்கு வழிகள் உண்டு. கடலுணவு ஏற்றுமதி செய்யும் வடக்கு நிறுவனங்களுக்கு ஏற்றுமதி ஆவணங்களை அறிந்த ஒருவர் தேவை. வெளிநாட்டு நிறுவனங்களின் ஆவண வேலையை இணையம் வழியாகச் செய்துகொடுக்கும் அலுவலகத்துக்கும், நல்ல மின்சாரமும் இணைய இணைப்பும் பயிற்றப்பட்ட ஆட்களும் இருந்தால், சுன்னாகமும் கொழும்பும் ஒன்றுதான்.

எனக்குச் சிங்களம் வராது. இங்கிலீசும் மட்டுமட்டு. தப்பிப் பிழைப்பனோ?

எழுத்து வேலை முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் அது இலக்கிய ஆங்கிலம் அல்ல. சில நூறு சொற்களுக்குள் திரும்பத் திரும்ப வரும் மின்னஞ்சல்கள். ஆறு மாதத்தில் பிடிபடும். வெளிவேலையில் லொறிச் சாரதி, முற்றத்துக் காவலர், சுங்க அலுவலர் ஆகியோரோடு பேசுவதற்குச் சிங்களம் வேண்டும். வகுப்பை விடச் சக ஊழியர்களோடு மதிய உணவு உண்ணும் நேரமே நல்ல பள்ளிக்கூடம்; பிழையாகவேனும் பேசுங்கள்.

தமிழ் இங்கே குறையாகாது. தூத்துக்குடி, சென்னை முகவர்களோடும் புறக்கோட்டை வணிகர்களோடும் தமிழில் பேசித் தீர்க்கக்கூடியவருக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பு உண்டு.

பொம்பிளைப் பிள்ளையளுக்கு இது சரிவருமோ? இராவில துறைமுகத்துக்குப் போகச் சொல்லுவினமோ?

ஆவணம், வாடிக்கையாளர் சேவை, விலை நிர்ணயம் ஆகியவற்றில் பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள்; அவை அலுவலகத்துக்குள் நடக்கும் வேலைகள். எனினும் ரொறன்ரோ நம்மிலிருந்து கோடையில் ஒன்பதரை மணிநேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணிநேரமும் பின்னால் இருப்பதால், அமெரிக்க, கனேடியச் சரக்குகளைக் கையாளும் பிரிவில் மாலை வேலை நீளக்கூடும். சேர்வதற்கு முன்னரே, எத்தனை மணிக்கு முடியும், பிந்தினால் வாகனம் உண்டா, வீட்டிலிருந்து மறுமொழி அனுப்பலாமா என்று கேட்டுவிட வேண்டும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. பல இடங்களில் ஆண்களைத் துறைமுகத்துக்கும் பெண்களை மேசைக்கும் என்று பிரித்துவிடுகிறார்கள். பிறகு முகாமையாளரைத் தெரிவு செய்யும்போது, வெளிவேலை அனுபவம் இல்லை என்று பெண்களைத் தள்ளிவைக்கிறார்கள். இது நியாயமற்றது. பகலிலாவது சில நாட்கள் துறைமுகத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் அனுப்பும்படி முதல் ஆண்டிலேயே கேளுங்கள். சீ.ஐ.எல்.ரி. நிறுவனத்துக்குள் இத்துறைப் பெண்களுக்கென வைலட் (WiLAT) என்ற அமைப்பு இயங்குகிறது. மூத்த பெண்களின் அறிமுகம் கிடைப்பதற்கு அது நல்ல இடம்.

சம்பளம் எவ்வளவு வரும்?

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இராது. கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவது குறைவு என்று குடும்பம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வளர்ச்சி மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் தெரியத் தொடங்கும். விற்பனைப் பிரிவில் இலாபப் பங்காக ஊக்கத்தொகை உண்டு. வெளிவேலையில் பயணப்படியும் மேலதிக நேரக் கொடுப்பனவும் உண்டு.

தொகையைக் கேட்பதோடு நிறுத்தாமல், நியமனக் கடிதத்தில் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் நிறுவனத்தின் பங்காக 12 வீதமும் அதற்குப் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதம் கட்ட வேண்டும். தகுதிகாண் காலத்தில் இவை இல்லை என்று சொல்வது சட்டத்துக்கு ஒவ்வாது.

நாலு வருசமா பீ.எல். அடிச்சுக்கொண்டிருக்கிறன். பிறகு சேர்ந்தவங்கள் எல்லாம் மேல போறாங்கள். என்ன செய்யலாம்?

இதுவே துறைக்குள் இருப்பவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி. நீங்கள் நன்றாக வேலை செய்வதே சில வேளை காரணமாக இருக்கும். உங்களை எடுத்துவிட்டால் அந்த மேசை தடுமாறும் என்று மேலதிகாரி அஞ்சுகிறார். ஆகவே முதலில் உங்களுக்கு ஒரு மாற்று ஆளை உருவாக்குங்கள். உங்கள் வேலையை, ஒவ்வொரு கப்பல் நிறுவனத்துக்கும் உரிய வேறுபாடுகளோடு, எழுத்தில் வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தன் வேலையைப் பிறருக்குக் கற்பித்தால் தன் இடம் போய்விடும் என்ற பயம் நம்மிடையே அதிகம். கற்பிக்காதவர்தான் அதே கதிரையில் இருந்துவிடுகிறார்.

அடுத்து, உங்கள் மேசைக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் பில் ஒஃப் லேடிங்கின் பின்னால் ஒரு விலை இருக்கிறது: கப்பற் கட்டணம், இரு துறைமுகக் கையாளல் கட்டணங்கள், ஆவணக் கட்டணம், லொறிக் கூலி, அக்கரை முகவரின் பங்கு. அதைப் பிரித்துக் கணக்கிடத் தெரிந்தால் விலை நிர்ணயப் பிரிவின் கதவு திறக்கும். பொருட்களை வகைப்படுத்தும் சுங்கத்தின் எச்.எஸ். குறியீட்டைப் படியுங்கள், முதல் ஆறு இலக்கங்கள் உலகுக்கெல்லாம் பொது, இலங்கையில் எட்டு இலக்கம் எழுதுகிறோம். எந்தப் பொருள் எந்தத் தலைப்பில் விழும் என்று வாதிடத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களை எல்லோரும் தேடுகிறார்கள்.

இவ்வளவும் செய்தபின் மேலதிகாரியிடம் போய், வளர்ச்சி வேண்டும் என்று பொதுவாகக் கேட்காமல், அடுத்த மாதம் முதல் காலையில் இரண்டு மணிநேரம் விலைப் பிரிவில் இருக்க அனுமதியுங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். ஆறு மாதமாகியும் அசைவு இல்லையென்றால் நிறுவனம் மாறலாம். ஆனால் புதிய இடத்திலும் இதே மேசை என்றால், சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் போகாதீர்கள்.

விற்பனைப் பிரிவுக்குப் போகச் சொல்லினம். எனக்கு ஆக்களோட கதைக்க வராது. மறுத்தால் வேலை போகுமோ?

மறுத்தால் வேலை போகாது. ஆனால் உடனே மறுக்காதீர்கள். இத்துறையில் வாங்குபவர் தேடுவது இனிமையான பேச்சை அல்ல. தன் சரக்கு மாட்டிக்கொண்டால் தொலைபேசியை எடுக்கும் ஆளையே தேடுகிறார். வெளிவேலையில் இருந்து விற்பனைக்குப் போனவர்கள், முடியாததை முடியாது என்று சொல்லத் தெரிந்திருப்பதால், பல வேளை நன்றாகச் செய்கிறார்கள். ஆறு மாதம் முயன்று பார்க்கிறேன், பொருந்தாவிட்டால் பழைய பிரிவுக்குத் திரும்ப இடம் வேண்டும் என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

அரசாங்க வேலை மாதிரி இது நிரந்தரமில்லைத்தானே?

உண்மை. வணிகம் சுருங்கினால் இத்துறையும் சுருங்கும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022 நெருக்கடியில் பல பொருட்களுக்கு இறக்குமதித் தடை வந்ததும், இறக்குமதி மட்டுமே தெரிந்த பலருக்கு வேலை குறைந்தது. அதே நேரம், 2023 இன் இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது கொழும்பில் வேலை பெருகியது. ஏற்றுமதி, இறக்குமதி, கடல், ஆகாயம் என எல்லாம் அறிந்தவருக்கு ஒரு கதவு அடைபட்டாலும் மற்றொன்று இருக்கும். முதல் ஆண்டில் மூன்று வகைச் சரக்கையும் பின்தொடரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கடல்வழி வணிகம் நம் குடாநாட்டுக்குப் புதியதன்று; எழுதுவினைஞர் வேலைக்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருப்பது மட்டுமே பாதுகாப்பு என்று பிள்ளைகளை நம்பவைக்காதீர்கள்.

எல்லாம் கொம்பியூட்டர் செய்யப்போகுதாம். இப்ப படிச்சுப் பிரயோசனம் இருக்கோ?

தட்டச்சு வேலை குறையும் என்பதில் ஐயமில்லை. விமானச் சரக்கில் 2019 ஜனவரி முதல் மின்னணு எயார்வே பில்லே வழமையான ஒப்பந்த வடிவம். பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனங்கள் 2030 க்குள் பில் ஒஃப் லேடிங் முழுவதையும் மின்னணு வடிவுக்கு மாற்றுவதாக 2023 இல் உறுதி கூறியுள்ளன. நம் சுங்கத்திலும் பிரகடனங்கள் அசிகுடா என்ற கணினி முறைமை ஊடாகவே போகின்றன. ஆனால் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போனதும், குளிரூட்டிய கொள்கலனில் நண்டு இருக்க மின்னிணைப்பு அறுந்ததும், யாரை எழுப்புவது, எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பது மனிதரே. நாலு வருடமாக பீ.எல். அடிப்பவருக்குச் சொன்ன விடையை இக்கண்ணோட்டத்தில் இன்னொரு முறை வாசியுங்கள்.

ஐயா, நான் சின்னதா கொம்பனி ஒண்டு நடத்திறன். பழக்கி விட்டால் ஆறு மாதத்தில ஓடுறாங்கள். பிறகேன் பழக்க வேணும்?

பழக்கியதால் யாரும் போவதில்லை. பழகியபின்னும் அதே வேலை, அதே சம்பளம், இரவு பதினொரு மணிக்கும் அதே தொலைபேசி அழைப்பு என்பதால் போகிறார்கள். பழக்காமல் வைத்திருந்தால் ஒரு வாடிக்கையாளரின் முழு விபரமும் ஒரே ஆளின் தலைக்குள் இருக்கும்; அவர் காய்ச்சலில் படுத்தால் உங்கள் சரக்கும் படுக்கும்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இரண்டாவது பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். முதல் மாதத்தில் புதியவரை வாஃப் கிளாக்குடன் அனுப்புங்கள். விலைக்கணக்கை இரகசியமாக வைக்காமல், ஒரு சரக்கில் எங்கே இலாபம், எங்கே நட்டம் என்று மாதத்துக்கு ஒருமுறையேனும் எல்லோரோடும் பேசுங்கள். இரவு அழைப்புகளை முறைவைத்துப் பகிருங்கள். முறைக்கு நின்றவருக்கு மறுநாள் பிந்திவர இடம்கொடுங்கள். பிழை நடந்தால் சத்தம் போடுவதற்கு முன் எப்படி நடந்தது என்று கேளுங்கள், ஏனெனில் ஏசப்படுவோம் என்று அஞ்சுபவர் அடுத்த பிழையை மறைப்பார். மறைத்த பிழை துறைமுகத்தில் நாட்கணக்காகத் தண்டப்பணம் ஏற்றும்.

பாடநெறிக் கட்டணத்தை நிறுவனம் செலுத்தினால், ஓராண்டு வேலை செய்வதாக நியாயமான உடன்படிக்கை எழுதலாம். ஊழியரின் மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டகத்தில் வைப்பது மட்டும் வேண்டாம்; அது நம்பிக்கையை முதல் நாளே அழித்துவிடும்.

டுபாய்க்குப் போகலாமெண்டு யோசிக்கிறன். எத்தனை வருச அனுபவம் வேணும்?

மூன்று நான்கு ஆண்டுகள், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகளில். டுபாயின் ஜெபல் அலி போன்ற துறைமுகங்களைச் சூழ வேலை நிறைய உண்டு. போட்டியும் அதே அளவு உண்டு. மேலே சொன்ன ஃபியாட்டா, அயாட்டா, சீ.ஐ.எல்.ரி. தகுதிகள் அங்கேயும் அறியப்பட்டவை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமலும், ஒப்பந்தத்தைக் கையில் வாங்காமலும், சுற்றுலா விசாவில் போய்த் தேடுவோம் என்று கிளம்பாதீர்கள்.

சொந்தமாத் தொடங்க என்ன வேணும்?

1972 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் சரக்கு அனுப்புநருக்கு உரிமம் வேண்டும் என்கின்றன. வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்திடம் அதைப் பெற வேண்டும். சுங்க முகவராக இயங்கச் சுங்கத்தின் தனி உரிமம் தேவை. அக்கரையில் நம்பத்தக்க முகவர்களும், பொறுப்புக் காப்புறுதியும் இருக்க வேண்டும்.

ஆயினும் புதிய நிறுவனங்கள் விழுவது பெரும்பாலும் உரிமத்தில் அல்ல, கடனில். கப்பல் நிறுவனத்துக்கு இன்று பணம் கட்டிப் பத்திரத்தை எடுக்க வேண்டும். வாடிக்கையாளரோ ஒன்றரை மாதம் கழித்துத்தான் தருவார். அந்த இடைவெளியை இரண்டு மூன்று பெரிய சரக்குகளுக்குத் தாங்கும் முதல் இல்லாமல் தொடங்க வேண்டாம். கணக்குப் பிரிவில் ஓராண்டேனும் இருந்து, வரவேண்டிய பணத்தைத் துரத்திப் பார்த்தவர் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்.

மனேஜர் பீ.எல். திகதியை முன்னுக்குப் போடச் சொல்லுறார். 'எல்லாரும் செய்யிறதுதான்' எண்டுறார். மாட்டனெண்டு எப்படிச் சொல்லுறது?

கடன்பத்திரத்தில் (வாங்குபவர் சார்பில் வங்கி பணம் தருவதாக உறுதி கூறும் லெட்டர் ஒஃப் கிரெடிட்டில்), இன்ன திகதிக்குள் சரக்கு கப்பலேற வேண்டும் என்று வங்கி நிபந்தனை விதித்திருக்கும். சரக்கு பிந்தி ஏறியிருந்தும் பத்திரத்தில் முந்திய திகதியை எழுதினால், அதை நம்பி வங்கி பணம் கொடுக்கும். அது மோசடி. கப்பல் எப்போது புறப்பட்டது என்பதை இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய காலம் இது. வாங்குபவரின் சந்தை விலை விழுந்தால் அவர் முதலில் தேடுவதும் இதைத்தான். பொருளின் எச்.எஸ். குறியீட்டை வேண்டுமென்றே மாற்றுவதும், சுங்கத்துக்குப் பெறுமதியைக் குறைத்துக் காட்டுவதும், ஆபத்தான பொருளைச் சாதாரணப் பொருள் என்று எழுதுவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

மறுப்பதை வாதமாக்காமல் வழியாக்குங்கள். 'சேர், கப்பல் 14 ஆம் திகதிதான் போயிருக்கு. வாங்குபவரிட்டைக் கடன்பத்திரத்தைத் திருத்தித் தரச் சொல்லி எக்ஸ்போட்டருக்கு எழுதட்டோ?' என்று கேளுங்கள். திருத்தம் பெறுவது வழமையான நடைமுறை. திகதி பிந்திய பத்திரத்தையும் வாங்குபவர் சம்மதித்தால் வங்கி ஏற்கலாம். அதற்கும் மனேஜர் உடன்படாவிட்டால் அந்த அறிவுறுத்தலை மின்னஞ்சலில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் விடயம் அத்தோடு நின்றுவிடும். மின்னஞ்சலும் வந்து, மறுத்தால் வேலை இல்லை என்றும் சொன்னால், கையெழுத்து வைக்காமல் வெளியேறுங்கள். பத்திரத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர். இது சிறிய துறை. கொழும்பில் ஒருவர் ஏன் ஓரிடத்தை விட்டு வந்தார் என்பது அடுத்த இடத்துக்குத் தெரிந்திருக்கும், இக்காரணத்துக்காக வந்தவரை வேலைக்கு எடுக்கும் அலுவலகங்களும் அங்கே உண்டு.